பகிஷ்கரிப்புக்குப் போக பஸ் இல்லை

பஸ்காரர் பணிப்பகிஷ்கரிப்புச் செய்தால் இடர்ப்படுவது சனங்கள்தான். சுதாகரனுக்கும் அது தெரியும். ஆனால் அந்தச் சனங்களில் தானும் ஒருவனாக வீதியில் நிற்க வேண்டிவரும் என்று அவன் நினைத்துப் பார்த்ததேயில்லை.

காரைநகர் ரூட்டில் அரசாங்க பஸ் ஓட்டுகிறவன் சுதாகரன். முதல் நாள் புளியங்கூடலில் தங்கை சிவரூபியின் புதுவீட்டுக் குடிபூரல். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அவன் அங்கேயே படுக்க ஆயத்தமானபோதுதான் சங்கச் செயலாளர் கனகசபையின் போன் வந்தது. பகிஷ்கரிப்பு முடிவாகிவிட்டது. விடிந்தால் ஒரு சில்லும் உருளாது. எல்லாரும் யாழ்ப்பாண டிப்போ வாசலில் நிற்க வேண்டும்.

"சிவரூபியின்ர மனுசன் போர்ட் எழுதுறவர்தானே?" என்று கனகசபை கேட்டார். "அவரைப் பிடிச்சு ஒரு பதாகை எழுதுவியும். நீர் வராட்டிலும் பரவாயில்லை, பதாகை வரவேணும்."

மச்சான் ஆரூரன் நல்ல மனுசன். பந்தலுக்குக் கட்டிய வெள்ளைத் துணியில் மிஞ்சிய துண்டை விறாந்தையில் விரித்துவைத்து, பெரிய சிவப்பு எழுத்தில் எழுதிக் கொடுத்தான். காலையில் சுதாகரன் அதைச் சுருட்டி ஓர் உரப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டான். வீதிக்கு வந்து, பஸ் தரிப்பிடத்தில் ஏறி நின்று, ஊர்காவற்றுறைப் பக்கம் கழுத்தை நீட்டிப் பார்த்தபிறகுதான் அவனுக்கு உறைத்தது. பகிஷ்கரிப்புக்குப் போவதற்குப் பஸ் இல்லை.

அவனுடைய மோட்டார்சைக்கிள் காரைநகரில் கிடந்தது. ஆரூரனுடையதைக் குடிபூரலுக்கு வந்த யாரோ உறவினர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். தனியார் மினிபஸ்காரரும் கல்லெறிக்குப் பயந்து வீட்டில் இருந்தார்கள். வந்த ஒரேயொரு ஓட்டோவும் ஆட்களை அடைத்துக்கொண்டு நிற்காமல் போனது.

தரிப்பிடத்தில் ஏற்கெனவே கொஞ்சப்பேர் நின்றார்கள். அவர்களுக்குள் தலைமை தாங்கியவர் சரோஜினிதேவி. அறுபது கடந்த, கட்டையான, குரல் வளம் மிக்க மனுசி. பிள்ளைகள் மூன்று பேரும் கனடாவில். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, கிளினிக் போகிறவர். அன்றைக்குத்தான் அவருடைய கிளினிக் நாள்.

"குறுக்கால போவார்!" என்று அவர் வீதியைப் பார்த்து ஏசிக்கொண்டிருந்தார். "இண்டைக்கு விட்டால் இனி அடுத்த மாசம்தான். நான் சீனி கூடிச் செத்தால் உந்தப் பஸ்காரரே வந்து கொள்ளி வைக்கப் போறாங்கள்? எல்லாம் தின்னுறதுக்குச் சம்பளம் கூட்டிக் கேட்கிற வேலை."

"சும்மா கதைக்காதையும் சரோசா," என்றார் மரவாங்கில் இருந்த தம்பிஐயா. ஒரு காலத்தில் தெற்கே காலிப் பக்கம் கடை வைத்திருந்தவர். இப்போது ஒரு வேலையுமில்லை. ஆனாலும் தினமும் யாழ்ப்பாணம் போய், ஒரே கடையில் ஒரே கதிரையில் இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்காவிட்டால் அவருக்குப் பொழுதுபடாது. "தொழிலாளி வேலையை நிப்பாட்டுறது அவன்ர உரிமை. சிங்களப் பக்கத்தில எத்தினை ஸ்ட்ரைக்கை நான் கண்ணால கண்டனான்!"

"அப்ப நீங்கள் ஏன் இஞ்ச நிக்கிறியள்? உரிமையைக் குடுத்துப்போட்டு வீட்டில போய்ப் படுங்கோவன்."

"உரிமை வேற, தேத்தண்ணி வேற."

சுதாகரன் உரப்பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றான். அந்த ரூட்டில் அவன் முகம் யாருக்கும் தெரியாது. யூனிபோமும் இல்லை, குடிபூரலுக்குக் கட்டிவந்த பட்டுக்கரை வேட்டியும் சேர்ட்டும்தான். மாப்பிள்ளைத் தோழன் மாதிரி இருந்தானே தவிர, டிரைவர் மாதிரி இல்லை.

"தம்பி, நீர் என்ன சொல்லுறீர்?" என்று சரோஜினிதேவி திடீரென்று அவன் பக்கம் திரும்பினார்.

"நான் என்னத்தைச் சொல்ல அம்மா..."

"எதுக்காம் உந்த நாசமறுந்த ஸ்ட்ரைக்? உமக்கு ஏதும் தெரியுமோ?"

சுதாகரனுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். ஆனால் சொல்லத்தான் வாய் வரவில்லை.

விஷயம் இதுதான். டிப்போவில் டிரைவர், கொண்டக்டர்மாருக்கு என்று ஒரு மலசலகூடம் கட்டி வருடம் இரண்டாகிறது. மாபிள் பதித்து, ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் என்று அழகாகத்தான் கட்டினார்கள். ஆனால் திறப்புவிழா நடக்கவில்லை. திறந்துவைக்க வேண்டிய பெரியவருக்கு நாள் கிடைக்கவில்லை. நாள் கிடைத்தபோது தேர்தல் வந்தது. தேர்தல் முடிந்தபோது அவர் பெரியவராக இல்லை. புதுப் பெரியவருக்குப் பெயர்க்கல்லைப் புதிதாக வெட்ட வேண்டியிருந்தது. அதுவரை கதவில் பூட்டு, பூட்டின் மேலே ஒரு சிவப்பு நாடா. இவ்வளவு காலமும் பின்வீதித் தேத்தண்ணிக் கடைக்காரர் இரக்கப்பட்டுத் தன்னுடையதை விட்டிருந்தார். போன கிழமை அவரும் கதவைச் சாத்திவிட்டார். அவருடைய குழி நிரம்பிவிட்டதாம்.

இதைப் பொம்பிளைகள் நிற்கிற இடத்தில், பட்டுவேட்டியும் கட்டிக்கொண்டு, எப்படி எடுத்துச் சொல்வது?

"ஏதோ வசதிக் குறைவாம்," என்றான்.

"வசதியோ! பாத்தியளே தம்பிஐயா அண்ணை, வசதி காணாதாம்! ஏசி ரூம் கேட்கிறாங்கள் போல."

"பையுக்குள்ள என்ன தம்பி?" என்று தம்பிஐயா கதையை மாற்றப் பார்த்தார்.

"பந்தல் சீலை ஐயா," என்றான் சுதாகரன். அதில் பொய் எதுவும் இல்லை என்பது அவனுக்கு ஒரு சின்ன ஆறுதல்.

அப்போதுதான் ஊர்காவற்றுறைப் பக்கமிருந்து ஒரு சின்ன லொறி, பட்டா வாகனம், வந்தது. வெற்று மீன்பெட்டிகள் ஏற்றியது. அது வந்த விதமே சரியில்லை. நேர்வீதியிலேயே நெளிந்து நெளிந்து வந்து, தரிப்பிடத்துக்கு முன்னால் இரண்டு தரம் துள்ளி நின்றது. உள்ளேயிருந்து லியோன் இறங்கினான். ஊர்காவற்றுறையில் கடற்தொழில் செய்கிறவன். வலது கை முழுக்கப் பெரிய பந்தாகத் துணி சுற்றியிருந்தது.

"திருக்கை முள்ளு," என்றான் யாரும் கேட்பதற்கு முன்னாலேயே. "ஆஸ்பத்திரிக்குப் போறன். ஒற்றைக் கையால கியர் மாத்த ஏலாமக் கிடக்கு. ஆருக்கும் வாகனம் ஓடத் தெரியுமோ? எல்லாரையும் ஏத்திக்கொண்டு போகலாம்."

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சுதாகரன் வானத்தைப் பார்த்தான். பகிஷ்கரிப்பு நாளில் சனத்தை ஏற்றி ஓடினால் அவனுக்குப் பெயர் கருங்காலி. சங்கத்தில் அதைவிடக் கேவலமான பெயர் கிடையாது.

"எனக்குத் தெரியும்," என்று தம்பிஐயா எழும்பினார்.

"எப்ப அண்ணை கடைசியா ஓடினியள்?" என்று கேட்டான் லியோன்.

"காலியில. மொறிஸ் மைனர்."

அந்தக் கார் ஓடிய காலத்தை யாரும் விசாரிக்கவில்லை. அவசரம் அப்படி. சரோஜினிதேவியை முன் இருக்கையில் ஏற்றினார்கள். மற்றவர்கள் பின்னால் மீன்பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருந்தார்கள். சுதாகரனும் வேட்டியை மடித்துக்கட்டி ஏறிக்கொண்டான். ஓட்டுவதுதான் பிழை, ஏறிப்போவதில் பிழையில்லை என்று மனதுக்குள் ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டான்.

தம்பிஐயா கியரைப் போட்டார். வாகனம் பின்னுக்குப் போனது. தரிப்பிடத் தூணில் இடிக்க ஒரு சாண் இருக்கும்போது நின்றது. மறுபடி போட்டார். இந்தத் தடவை முன்னுக்குப் பாய்ந்து, வீதியைக் குறுக்கே கடந்து, எதிர்ப்பக்க வேலியின் கிளுவங்கதியால்களில் மூக்கை உரசி நின்றது. கியர்ப்பெட்டி போட்ட சத்தம் சுதாகரனின் பல்லுக்குள்ளே கூசியது. வருடக்கணக்காக பஸ் ஓட்டிய ஒருவனால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

"கிளச்சை மிதியுங்கோ ஐயா! முழுக்க மிதியுங்கோ! ஐயோ, அது பிறேக்! விடுங்கோ, விடுங்கோ, இறங்குங்கோ!"

தான் கத்துகிறோம் என்பது அவனுக்குக் கத்தி முடிந்தபிறகுதான் தெரிந்தது. எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓடத் தெரிஞ்சுகொண்டே இவ்வளவு நேரமும் மரம் மாதிரி நிண்டனீர்?" என்றார் சரோஜினிதேவி முன் இருக்கையிலிருந்து தலையை நீட்டி. "வாரும் இஞ்ச!"

உரப்பையைப் பெட்டிகளுக்குள் விட்டுவிட்டு அவன் இறங்கிப் போனான்; தம்பிஐயா பின்னால் ஏறிக்கொண்டார். வேறு என்ன செய்வது? ஸ்டியரிங்கில் கை வைத்ததும் சங்கமும் மறந்தது, கனகசபையும் மறந்தது. வாகனம் எண்ணெய் விட்டது போல வழுக்கிக்கொண்டு போனது. "ஆ! உது ஓட்டம்," என்று பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டிருந்த லியோனே சொன்னான்.

ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது பொல்லாதது. சரவணையில் தரிப்பிடத்தைக் கண்டதும் சுதாகரனின் கால் தானாகவே பிறேக்கை மிதித்தது. அங்கே நின்ற நாலைந்து பேர் கேள்வி கேட்காமல் ஏறினார்கள். வேலணையில் கால் மறுபடி மிதித்தது. மண்கும்பானில் பள்ளிவாசலடியில் கைகாட்டிய ஒருவருக்காக நிறுத்தப்போய் ஆறு பேர் ஏறினார்கள். அதற்குள் சரோஜினிதேவிக்கும் ஆர்வம் வந்துவிட்டது. யன்னலால் பாதி உடம்பை வெளியே விட்டு, "உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ! நடுவில இடம் கிடக்கு! தம்பி, உம்மட காலை மடக்கும்!" என்று கட்டளை போட்டார். அல்லைப்பிட்டியில் ஏறின மனுசி ஒருத்தி அவரிடம், "இது பஸ் ஸ்டாண்ட் மட்டும் போகுமோ அக்கா?" என்று விசாரித்தாள்.

"போகும், போகும், ஏறும்."

அப்படியே பண்ணைப் பாலத்துக்கு வந்தார்கள். இரண்டு பக்கமும் கடல். தலைக்கு மேலே ஒரு முகில் இல்லை. பின்னால் இருந்தவர்களின் மண்டை கொதித்தது. மரமும் இல்லை, மறைப்பும் இல்லை. அப்போது தம்பிஐயாவுக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. "அந்தத் தம்பியின்ர பையுக்குள்ள பந்தல் சீலை கிடக்கு. எடுத்துப் பிடியுங்கோ எல்லாரும்!"

சுதாகரன் கண்ணாடியில் பார்த்தபோது காரியம் முடிந்திருந்தது. பத்துப்பதினைந்து கைகள் வெள்ளையைத் தலைக்குமேல் விரித்துப் பிடித்திருந்தன. காற்று அதைப் பாய்மரம் போல ஊதியது. வெயில் துணிக்குள்ளால் பாய, சிவப்பு எழுத்துக்கள் அடியில் இருந்தவர்களின் முகத்துக்கு நேரே தலைகீழாகத் துலங்கின. பிறகு தம்பிஐயா எழுத்துக்கூட்டி வாசிப்பது கேட்டது.

"பஸ்... ஊழியர்... சங்கம். திறவுங்கள்... திறவுங்கள்... எங்கள்... மலசலகூடத்தை!"

பின்பக்கமிருந்து வாகனக் கூரையில் தட்டோ தட்டென்று தட்டினார்கள். சுதாகரன் பாலத்தின் ஓரத்தில் நிறுத்தினான். வியர்வை அவன் கழுத்தால் வழிந்தது. எல்லாரும் இறங்கி வந்து அவனைச் சுற்றிக்கொண்டார்கள்.

"நீர் பஸ்காரன்?" என்றார் சரோஜினிதேவி.

"ஓம்."

"ஸ்ட்ரைக் பண்ணப் போறீர்?"

"ஓம் அம்மா."

"இவ்வளவு நேரமும் நான் ஏசினதெல்லாம் உமக்கோ?"

"ஓம்."

"வடிவாக் கேட்டீரோ?"

"கேட்டனான்."

"நல்லது," என்றார் சரோஜினிதேவி. அவருக்கு வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். "திருப்பிச் சொல்லத் தேவையில்லை. உங்கட கக்கூசுக்காக என்ர கிளினிக் போகவேணுமோ? அதுக்குப் பதில் சொல்லும்."

சுதாகரன் பதில் சொல்லத் தொடங்கினான். விடிய ஸ்டியரிங்கில் இருந்தால் பின்னேரம்வரை அடக்கிக்கொண்டு ஓடுவதையும், கிட்னியில் கல் என்று டொக்டர் சொன்னதையும், தண்ணீர் நிறையக் குடி என்று அவரே சொன்னதையும் சொன்னான். "குடிச்சால் எங்க போறது அம்மா? குடிக்காட்டி கல்லு எங்க போறது? எங்களோட தர்சனா எண்டு ஒரு கொண்டக்டர் பிள்ளை. நாங்கள் ஆம்பிளையள் வேலி, பனங்காணி எண்டு பாத்துக்கொள்ளுவம். அந்தப் பிள்ளை வேலைக்கு வந்தால் வீட்டுக்குப் போகுமட்டும் ஒரு சொட்டுத் தண்ணி வாயில வைக்காது. போன கிழமை டிக்கெட் குடுத்துக்கொண்டிருக்கேக்கை மயங்கி விழுந்திட்டுது."

பாலத்துக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அது கேட்கவும் சிலருக்குச் சங்கடமாக இருந்தது.

"அதுக்காகச் சனத்தை வதைக்கலாமோ?" என்றார் மண்கும்பானில் ஏறிய ஒருவர்.

"கடிதம் எழுதினவையோ எண்டு கேளுங்கோ," என்றார் இன்னொருவர்.

"எழுதினனாங்கள். ஒண்டுக்கும் பதில் வரேல்லை," என்றான் சுதாகரன்.

"பகிஷ்கரிச்சால்தான் பதில் வரும்," என்றார் தம்பிஐயா. "காலியிலயும் உப்பிடித்தான்..."

"காலியை விடுங்கோ," என்றார் சரோஜினிதேவி. அவர் முகம் மாறியிருந்தது. காலை மாற்றி மாற்றி ஊன்றினார். சீனி வருத்தக்காரருக்கு உள்ள அவசரம் அவரையும் பிடித்துக்கொண்டிருந்தது. "எல்லாரும் ஏறுங்கோ. நியாயம் பிறகு பிளக்கலாம். தம்பி, கெதியா எடும். உம்மட டிப்போ ஆஸ்பத்திரிக்குக் கிட்டவோ தூரவோ?"

"கிட்டத்தான்."

"அப்ப முதல்ல அங்க விடும்."

டிப்போ வாசலில் சங்கத்தார் திரண்டு நின்றார்கள். பதாகைக்காக வீதியைப் பார்த்துக்கொண்டிருந்த கனகசபைக்கு முதலில் தெரிந்தது பதாகைதான். அது மீன் வாகனத்தின் மேல் கூடாரம் போட்டு வந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு பஸ் கொள்ளத்தக்க சனம். ஓட்டிக்கொண்டு வருவது பட்டுவேட்டி கட்டிய சுதாகரன்.

"கருங்காலி!" என்று யாரோ ஒருவன் கத்தினான்.

கனகசபை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். "சுதாகரன், என்ன வேலை உது? ஸ்ட்ரைக் நாளில சேர்விஸ் ஓடிக்கொண்டு ஸ்ட்ரைக்குக்கே வாறீரோ?"

"நடந்து வந்திருந்தால் நாளைக்குத்தான் வந்திருப்பன் அண்ணை."

"ஏன் பஸ் ஹோல்ட்டுக்கு ஹோல்ட் நிப்பாட்டினனீர்?" என்று கேட்டான் ஒருவன். அல்லைப்பிட்டி மனுசி அவனுக்குச் சொந்தக்காரியாம். வரும்போதே போனில் எல்லாம் சொல்லியிருக்கிறாள்.

தம்பிஐயா முன்னுக்கு வந்தார். "டிக்கெட் குடுத்தவரோ? இல்லை. பெல் அடிச்சதோ? இல்லை. பேந்தென்ன சேர்விஸ்? இது மீன்பெட்டி ஏத்துற வாகனம். நாங்கள் எல்லாரும் மீன்."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், சிலர் முறைத்தார்கள். விவாதம் மூளப் பார்த்தது. அதற்குள் சரோஜினிதேவி எல்லாரையும் முழங்கையால் விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அங்கே டிப்போ முகாமையாளர், கையில் பைலோடு, யாரோடும் கண் படாமல் நின்றார். மெலிந்த, சாதுவான மனுசன்.

"தம்பி, அந்தக் கதவு எங்க?"

அவர் கை தானாகக் காட்டியது. மாபிள் சுவர். மஞ்சள் திரை போட்ட பெயர்க்கல். கதவு நிலையில் கட்டிய நாடா வெயிலில் வெளிறி ரோசாப்பூ நிறமாகியிருந்தது.

"திறவும்."

"அம்மா, மேலிடத்து அனுமதி இல்லாமல் நான் திறக்க ஏலாது."

"எனக்கு மேலிடத்தில ஒரு பிரச்சினையும் இல்லைத் தம்பி," என்றார் சரோஜினிதேவி, அந்த வளவு முழுக்கக் கேட்கத்தக்கதாக. "கீழிடம்தான் அவசரம்!"

டிப்போவே சிரித்தது. முகாமையாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்த சுதாகரனுக்கு ஒரு விஷயம் விளங்கியது. இந்த மனுசனும் பின்வீதித் தேத்தண்ணிக் கடைக்குப் போய்வந்தவர்தான். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து பூட்டுத் திறப்பை எடுத்து நீட்டினார்.

"திறப்பு விழுந்து கிடந்தது. ஆரோ எடுத்துத் திறந்திட்டினம்," என்றார் மெதுவாக. "நான் ஒண்டும் காணேல்லை."

நாடாவை வெட்டக் கத்தரிக்கோல் இல்லை. லியோன் இடது கையால் மீன் வெட்டும் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தான். சரோஜினிதேவி ஒரே இழுவையில் அறுத்துவிட்டு உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. வெளியே அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டு வருடம் பூட்டிக்கிடந்த குழாயில் தண்ணீர் வருமா வராதா என்பது எல்லாருடைய மனதிலும் இருந்த கேள்வி.

உள்ளேயிருந்து முதலில் ஓர் இருமல் போலச் சத்தம் வந்தது. பிறகு காற்று. பிறகு சடாரென்று தண்ணீர். கூட்டம் கைதட்டியது. சரோஜினிதேவி வெளியே வந்தபோது அவரைவிடப் பெரிய ஆட்களுக்குக்கூட அந்த ஊரில் அப்படி ஒரு வரவேற்புக் கிடைத்திருக்காது.

"பிழையில்லை," என்றார். "சோப்பு மட்டும் இல்லை."

அவருக்கு அடுத்ததாக, யாரும் சொல்லாமலே, தர்சனா போனாள். எல்லாரும் வழிவிட்டார்கள்.

கனகசபைக்குத்தான் கவலை. நீண்ட பேச்சு ஒன்று ஆயத்தப்படுத்தி வந்திருந்தார். கோரிக்கை நிறைவேறிய பிறகு கோரிக்கையைப் பற்றி எப்படிப் பேசுவது? இருந்தாலும் பதாகையைக் கம்பில் கட்டச் சொல்லி, அதற்கு முன்னால் நின்று பாதியைப் பேசினார். மீதிப் பாதிக்கு ஆட்கள் மலசலகூட வரிசையில் நின்றார்கள். கருங்காலி வழக்கு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்தில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

சுதாகரன் அதற்கெல்லாம் நிற்கவில்லை. சரோஜினிதேவியையும் லியோனையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். கிளினிக்கில் இலக்கம் கொடுத்து முடிந்துவிட்டது என்று தாதி சொன்னாள். அதற்குச் சரோஜினிதேவி என்ன பதில் சொன்னார் என்று சுதாகரனுக்குத் தெரியாது. ஆனால் அவர் மருந்துப் பையோடுதான் வெளியே வந்தார்.

பின்னேரம் பஸ்கள் ஓடத் தொடங்கின. ஊர்காவற்றுறை டிரைவர் ஸ்ட்ரைக் என்று வீட்டில் படுத்திருந்தபடியால், முகாமையாளர் சுதாகரனைக் கூப்பிட்டு அந்த ரூட்டுக்கு அனுப்பினார். பஸ் நிரம்பி வழிந்தது. முன் சீற்றில் சரோஜினிதேவி; அவருக்குப் பின்னால், தேத்தண்ணி குடித்து முகம் தெளிந்த தம்பிஐயா.

"ஒரு நாள்கூட முழுசாச் செய்யேல்லை. உதெல்லாம் ஒரு ஸ்ட்ரைக்கோ?" என்றார் தம்பிஐயா. "இன்னும் ரெண்டு நாள் இழுத்திருக்கவேணும். சோப்பும் வந்திருக்கும்."

"நீங்கள் இழுப்பியள், நான் சாகவோ? கேட்டது நியாயம், கேட்ட விதம் பிழை."

"விதம் பிழையெண்டால் நீர் ஏன் நாடா வெட்டினனீர்?"

"அது அவசரம். ஸ்ட்ரைக் அவசரமில்லை."

பஸ் இரண்டாகப் பிளந்தது. இடப்பக்கச் சீற்றெல்லாம் தம்பிஐயாவோடு, வலப்பக்கமெல்லாம் சரோஜினிதேவியோடு. நின்றவர்கள் ஒவ்வொரு வளைவிலும் கட்சி மாறினார்கள். சத்தத்தில் பெல் அடித்ததே சுதாகரனுக்குக் கேட்கவில்லை. வேலணையில் இறங்க வேண்டிய மூன்று பேரைச் சரவணைவரை கொண்டுபோய்விட்டான்.

இறங்கும்போது அந்த மூன்று பேரும் பஸ் பக்கத்தில் ஓங்கித் தட்டினார்கள்.

"உந்தப் பஸ்காரர் எல்லாரும் உப்பிடித்தான்!" என்றார் ஒருவர்.

"அதைத்தானே நான் விடியத் தொட்டுச் சொல்லிக்கொண்டு வாறன்," என்றார் சரோஜினிதேவி உள்ளேயிருந்து. பிறகு சுதாகரன் பக்கம் குனிந்து, "நீர் எடும் தம்பி, அவையள் நடந்து போவினம்," என்றார்.